அடுத்தவள் கையெழுத்து

ஜனவரி 9

என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் மகளும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். ஆனால் இந்தத் தடவை அதைவிட வேறொன்றை அறியத்தான் ஆவலாக இருக்கிறது. போன கடிதத்தை எழுதியது யார்?

உங்கள் எழுத்து எனக்குத் தெரியாதா? கோடு போட்ட தாளிலும் மலையேறும். கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் போட்ட முதல் கடிதத்தைப் பார்த்துவிட்டு என் அண்ணன், "மாப்பிள்ளை மனசு நல்லாதான் இருக்கும் போல. எழுத்து மட்டும் கோழி கிளறின மாதிரி இருக்கு" என்றான். அந்தக் கோழிக் கிளறலை நான் இத்தனை வருஷமாக எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகிவிட்டேன். போன கடிதமோ முத்து முத்தாக இருக்கிறது. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் நடுவே அளந்து வைத்த மாதிரி இடம். 'அன்புள்ள' என்பதை யாரோ நிதானமாக, ஆசையாக எழுதியிருக்கிறார்கள்.

நான் மருந்துக் கடையில் தினமும் டாக்டர்கள் எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவள். சீட்டைப் பார்த்ததும் எந்த டாக்டர், எழுதும்போது யார் மேல் எரிச்சலாக இருந்தார் என்பது வரைக்கும் சொல்வேன். என்னிடம் போய் இந்த வேலையா?

போனில் கேட்கலாம் என்றால் நீங்கள் மலையைக் குடைகிற சுரங்கப்பாதைக்குள் செல்போன் எடுக்காது. ஆபீஸ் போனில் கூப்பிட்டால் சூப்பர்வைசர் பக்கத்திலேயே உட்கார்ந்து நம் குடும்பக் கதையை ஓசியில் கேட்பார். அதனால்தான் எழுதிக் கேட்கிறேன்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. கடையில் முதலாளி எங்கள் ஸ்டூலை எடுத்துவிட்டார். உட்கார்ந்து மருந்து கொடுத்தால் வருகிறவர்களுக்கு மரியாதை இல்லையாம். சாயங்காலத்துக்குள் கால் இரண்டும் தூணாகிவிடுகிறது. அதை விடுங்கள். கேட்டதற்குப் பதில் போடுங்கள்.

கோபம் வந்தால் வெடிக்கிறேன் என்று நீங்கள் எனக்கு வைத்த பெயர் இருக்கிறதே, அது இன்னும் வெடிக்கவில்லை. எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
கடுகு


ஜனவரி 27

அன்புள்ள கடுகுக்கு,

நலம். நீயும் மகளும் நலமாக இருப்பது கண்டு சந்தோஷம். உன் கடிதம் படித்துச் சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரர் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டார்.

நீ நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. நான் சொல்லச் சொல்ல, ஸ்டோரில் வேலை பார்ப்பவர் எழுதித் தருகிறார். இங்கே வேலை பின்தங்கிவிட்டது. ஒரு டிரில் மெஷினுக்கு இரண்டு பேர் என்று இருந்ததை ஒருவர் ஆக்கிவிட்டார்கள். அதை நெஞ்சோடு அணைத்துப் பாறையில் அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும். மாற்று ஆள் வராவிட்டால் அடுத்த ஷிப்டும் நம் தலையில்தான். வெளியே வந்தால் கண் சொக்கிவிடும். பேனாவைத் தேட எங்கே நேரம்?

மலையின் மறுபக்கம் திறக்கிற வரைக்கும் தாக்குப்பிடிக்கிறவர்களை நிரந்தரம் ஆக்குவார்களாம். பெரிய மெஷினில் உட்கார்ந்து ஓட்டுகிற வேலை. குடும்பத்தோடு தங்க வீடு. நடுவில் உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னவர்களுக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிடுகிறார்கள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். நீயும் மகளும் இங்கே வந்துவிட்டால் இந்தக் கடிதப் போக்குவரத்தே வேண்டாம்.

இங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஹெல்மெட்டில் இருக்கிற நம்பர்தான். உன்னிடம் திட்டு வாங்கும்போதுதான் நானும் ஒரு ஆள் என்று ஞாபகம் வருகிறது. ஸ்டூலைத் திரும்பக் கேள். கேட்டுக்கொண்டே இரு. உன் கால் எனக்கும் வேண்டும்.

ஒரு உதவி. பட்டன் இல்லாத டி-ஷர்ட் இரண்டு மூன்று வாங்கி அனுப்பு. லேஸ் இல்லாமல் அப்படியே நுழைத்துக்கொள்கிற ஷூ கிடைத்தால் அதுவும். அவசரத்துக்கு மாட்டிக்கொண்டு ஓட வசதியாக இருக்கும்.

உன்,
நம்பர் இல்லாத ஆள்


பிப்ரவரி 8

என் வீட்டுக்காரருக்கு,

நலம். நலமாகத்தான் இருக்க வேண்டும், வேறு வழி?

ஸ்டோரில் வேலை பார்ப்பவர் ஆணா பெண்ணா என்று எழுதாமல் நைசாக நழுவிவிட்டீர்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்பீர்கள். இப்போது கேட்கிறேன். ஆனால் எனக்குப் பதில் தெரியும். நம் கடைக்கு ஆண்கள் எழுதிக்கொண்டு வருகிற சீட்டை எல்லாம் பார்க்கிறேன். ஒருத்தனுக்காவது மார்ஜின் விட்டு எழுதுகிற பொறுமை இருந்ததில்லை.

'உன் கால் எனக்கும் வேண்டும்' என்று எழுதியிருந்தது. நம் கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை பேசியதுண்டா? மகள் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து, "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதர் நீங்கள். அந்த வரியை நான் பல தடவை படித்தேன். சந்தோஷம்தான். ஆனால் அது அடுத்தவள் கையில் ஏறி இறங்கி வந்த சந்தோஷம். நம் வீட்டுக்குள் பேச வேண்டியதை இன்னொருத்தி கேட்டு, எழுதி, மடித்து, எச்சில் தொட்டு ஒட்டி அனுப்புகிறாள். எனக்கு வயிறு எரிகிறது. மறைக்க மாட்டேன்.

டி-ஷர்ட் அனுப்பியிருக்கிறேன். பட்டன் சட்டை போட்டுத்தான் என்னைப் பெண் பார்க்க வந்தீர்கள். இப்போது யாருக்காக இளமை திரும்புகிறது என்று தெரியவில்லை. ஷூ அனுப்பவில்லை. இருக்கிற ஷூ நன்றாகத்தான் இருக்கிறது. லேஸ் கட்டுவதற்குக்கூட நேரம் இல்லாத அளவுக்கு என்ன அவசரம்?

ஸ்டூல் வரவில்லை. கேட்டேன். "நின்னா உடம்புக்கு நல்லதும்மா" என்றார் முதலாளி, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

இப்படிக்கு,
கடுகு


மார்ச் 3

அன்புள்ள கடுகுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். உனக்கும் மகளுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது?

எழுதுகிறவர் பெண்தான். உன்னைவிட மூத்தவர். நான் சொல்வதை மட்டும்தான் எழுதுகிறார். எனக்குக் கையில் லேசான சுளுக்கு, அவ்வளவுதான். டிரில் கொஞ்சம் உதறிவிட்டது. இதைச் சொன்னால் நீ பஸ் ஏறி வந்துவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை. வந்தால் சூப்பர்வைசருக்குத் தெரியும், சுளுக்கு என்று தெரிந்தால் வேறு பேச்சு வரும். இன்னும் கொஞ்ச நாள்தான். மறுபக்கத்துக்காரர்கள் வெடி வைக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்கத் தொடங்கிவிட்டது.

டி-ஷர்ட் அளவு சரி. ஷூ முடிந்தால் அனுப்பு.

நீ சொன்னது உண்மைதான். நேரில் எனக்குப் பேச வராது. எதிரே நீ நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இங்கே இருட்டில் பாறையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது உன்னிடம் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக வருகிறது. அதைத்தான் சாயங்காலம் சொல்லி எழுதச் சொல்கிறேன்.

ஸ்டூலை விடாதே.

உன்,
சுளுக்குக்காரன்


மார்ச் 19

வீட்டுக்காரருக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் பிறகு.

அடுத்த தெரு வெல்டர் லீவில் வந்திருக்கிறார். உங்களோடு ஒரே கேம்ப் என்றதும் மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். செல்போனில் ஒரு படம் காட்டினார். தாடி! சவரம் செய்யாமல் ஒரு நாள் வெளியே இறங்காத மனிதருக்கு நெஞ்சு வரைக்கும் தாடி. நான் அனுப்பிய டி-ஷர்ட். கையில் ஸ்பூன். பாத்திரத்தில் விரல் படாமல் ஸ்டைலாகச் சாப்பிடுகிறீர்கள்.

"இது என்னண்ணே புதுசா இருக்கு?" என்றேன்.

"அவரு இப்ப ஸ்பூன்லதாம்மா சாப்பிடறாரு."

"ஷூ லேஸ் மட்டும் கட்டத் தெரியுமாமா?"

சும்மா குத்தலாகத்தான் கேட்டேன். அந்த மனிதர் வெள்ளந்தியாக, "அதை ஸ்டோர் அம்மா கட்டி விட்டுருவாங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்புறம் எவ்வளவு கேட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்கிட்ட எதுவும் கேக்காதீங்கம்மா, சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் மனைவி என்னைப் பாவமாகப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இந்த ஜென்மத்துக்கு மறக்க மாட்டேன்.

காலடியில் குனிந்து லேஸ் கட்டி விடுகிறாள். நான்கூட உங்களுக்கு அதைச் செய்ததில்லை. செய்யச் சொல்லி நீங்கள் கேட்டதும் இல்லை. தாடி யார் சொல்லி வந்தது? சுளுக்கு இத்தனை வாரமாக இருக்குமா? என்ன சுளுக்குக்கு எத்தனை நாள் தைலம் என்று நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா?

கடைசியாகச் சொல்கிறேன். அடுத்த கடிதம் உங்கள் கையால் வர வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம், நாலு வரி. கோழி கிளறினாலும் போதும். அப்படி வராவிட்டால் மலை திறந்தாலும் மூடினாலும் இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம்.

இதையும் அவள் படித்துக் காட்டுவாளானால், அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.


ஏப்ரல் 5

கடுகு
நலம் நான்தா ன் எழு
கை


ஏப்ரல் 14

உங்களுக்கு,

வந்தது. நாலு வரி கேட்டேன், இரண்டரை வரி வந்தது.

குடிக்க ஆரம்பித்துவிட்டீர்களா? எழுத்து ஒன்று தாளின் இந்த மூலையில் இருக்கிறது, இன்னொன்று அந்த மூலையில். கிறுக்குவது உங்கள் வழக்கம்தான், ஆனால் உங்கள் கிறுக்கல் எனக்குத் தெரியும். இது அதுவும் இல்லை. தாள் ஓரம் கருகி இருக்கிறது. சிகரெட்டும் பழகியாயிற்று போல. எத்தனையோ மோசமான எழுத்தைப் படித்த எனக்கு இதைப் படிக்க முடியவில்லை. இல்லை, குடிக்கவில்லை என்றால் இடது கையால் எழுதிக் கேலி செய்கிறீர்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாளா?

மகள் கேட்டாள், "அப்பா ஏன் சின்னப் பிள்ளை மாதிரி எழுதியிருக்காரு?" என்று. குடிகாரன் எழுதினால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

இனி என்னிடமிருந்து கடிதம் வராது. நிரந்தர வேலை, நிரந்தர வீடு எல்லாம் கிடைக்கட்டும். லேஸ் கட்டி விட ஆள் பக்கத்திலேயே இருக்கிறாள்.


ஏப்ரல் 25

வணக்கம்.

உங்களை என்ன சொல்லி அழைப்பது என்று தெரியவில்லை. சகோதரி என்று போட்டால் உங்களுக்குக் கோபம் வரும். நீங்கள் நலமா என்று கேட்டாலும் வரும். ஆனாலும் கேட்கிறேன். கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

ஸ்டோரில் டிரில், கையுறை, ஷூ கொடுத்து வாங்குகிறவள் நான். இந்தக் கடிதத்தில் அவர் சொன்ன வார்த்தை எதுவும் இல்லை. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

அவருக்குச் சுளுக்கு இல்லை. டிரில்லின் அதிர்வு விரல்களுக்குள் போய்விட்டது. போன குளிர்காலத்தில் காலையில் டிரில்லை வாங்க வரும்போது அவர் விரல் நுனிகள் சுண்ணாம்பாக வெளுத்திருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். இது எனக்குப் புதிதில்லை. முதலில் வெளுக்கும், பிறகு நீலமாகும், பிறகு ஊசியால் குத்துகிற மாதிரி வலிக்கும். வலிக்கிற வரைக்கும் பரவாயில்லை. வலியும் நின்றுபோனால் தொட்டது சுட்டது எதுவும் தெரியாது. அதிர்வைத் தாங்குகிற கையுறை கேட்டு மேலே எழுதினேன். வரும் என்றார்கள். இன்னும் வரவில்லை. "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று அவரிடம் சண்டை போட்டேன். "காட்டினா அன்னிக்கே அனுப்பிடுவாங்க. மலை தொறக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

பட்டன் போட முடியாது. லேஸ் கட்ட முடியாது. சவரக் கத்தியைப் பிடித்தால் நழுவும். ஸ்பூனை முஷ்டியில் பிடித்துச் சாப்பிட்டார். உங்கள் கடிதம் வந்தால் உறையைப் பிரித்து, தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அவர் படிப்பார். அதனால் நானும் படித்தேன். என்னைத் திட்டியதையும் படித்தேன்.

நீங்கள் நாலு வரி கேட்டு எழுதிய கடிதம் வந்த பிறகு அவர் என்னை எழுதக் கூப்பிடவில்லை. "இனிமே நானேதான்" என்றார். சாயங்காலம் சாயங்காலம் பேனாவோடு உட்கார்ந்தார். சூடு பட்டால் விரல் கொஞ்சம் மடங்கும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு நாள், பக்கத்துக் கட்டில்காரர் ஷிப்டுக்குப் போயிருந்தபோது, அறையில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, கையைச் சூடு காட்டிச் சூடு காட்டி எழுதியிருக்கிறார். நடுவில் விரல்கள் நெருப்பிலேயே இருந்தது அவருக்குத் தெரியவில்லை. கருகுகிற வாடை அடித்துப் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். அப்போதும் அவர் திரும்பிப் பார்த்து, "என்ன வாடை?" என்றுதான் கேட்டாராம்.

அந்தத் தாளை நான்தான் தபாலில் சேர்த்தேன். வேண்டாம், விவரமாக நான் எழுதுகிறேன் என்றேன். "அவ என் கையால கேட்டா. அப்படியே போடுங்க" என்றார். உங்கள் பதில் வந்துவிட்டது. படித்தேன். அவரிடம் கொடுக்கவில்லை. என் மேஜைக்குள் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வயிறு எரிந்தது உங்களுக்கு மட்டும் இல்லை. என் கணவர் ஒரு சண்டைகூடப் போடாமல் என்னை விட்டுப் போனவர். இவ்வளவு தூரத்திலிருந்து இப்படிச் சண்டை பிடிக்க ஒரு பெண்சாதி, அதைப் படித்துச் சிரிக்க ஒரு புருஷன் என்று பார்க்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் காலைப் பற்றி அவர் சொன்ன வரியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு வார்த்தை குறைக்கவில்லை, ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை.

இப்போது அவர் கம்பெனி ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அறையில் சமைக்கும்போது கவனக்குறைவாகச் சுட்டுக்கொண்டேன், வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கைநாட்டு வாங்கப் பார்க்கிறார்கள். அவர் சம்மதிக்கிற மாதிரி இருக்கிறது. நீங்கள் வராமல் நடக்காது.

ஸ்டோர்க்காரி


மே 1

ஸ்டோர் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இன்று ராத்திரி பஸ்ஸில் புறப்படுகிறேன். அவர் எதிலும் கைநாட்டு வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடைக்காரிக்கு ஒரு கை வெளுத்தால் என்ன, நீலமானால் என்ன என்று தெரியும். பட்டன், லேஸ், தாடி, ஸ்பூன் எல்லாம் என் கண் முன்னால்தான் வந்தன. கடைக்கு ஒரு ஆள் வந்து இதையே சொல்லியிருந்தால், முதலில் கையைக் காட்டுங்கள் என்றிருப்பேன். உங்களை நினைத்துக்கொண்டே படித்ததால் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

மேஜையில் இருக்கிற கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். நானே கேட்டாலும் திருப்பித் தராதீர்கள்.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நேரில் பேசிக்கொள்வோம்.

கடுகு


ஜூன் 16

வணக்கம்.

நீங்களும் மகளும் நலமா? அவர் கை எப்படி இருக்கிறது? தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் வந்த அன்று நான் வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். பொய். நீங்கள் சூப்பர்வைசரிடம் போட்ட சத்தம் கேம்ப் முழுக்கக் கேட்டதாம். கேன்டீன்காரர் இப்போதும் நடித்துக் காட்டுகிறார். "கைநாட்டு வேணும்னா என் கையில வாங்கு, அதுலயாவது உணர்ச்சி இருக்கு" என்றீர்களாமே. எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு நீங்கள் அவர் ஷூவை மாட்டி விட்டு, கையை உங்கள் தோள் மேல் போட்டுக்கொண்டு, கேட்டைத் தாண்டிப் போனதை, கேட்டுக்கு வெளியே இருக்கிற என் அறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆமாம், காய்ச்சல்காரி ஜன்னலில்தான் நின்றேன். இறங்கி வந்திருக்கலாம். கால் வரவில்லை.

மலை திறந்துவிட்டது. மாலை, மைக் எல்லாம் வைத்துக் கொண்டாடினார்கள். அவர் டிரில் இப்போது வேறொருவரிடம் இருக்கிறது. நேற்று காலை அந்தப் புது ஆளைக் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். "என்னம்மா ஜோசியம் பாக்கறீங்களா?" என்றார். விரல் நுனி வெளுக்க ஆரம்பித்திருக்கிறது.

பதில் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஸ்டோர்க்காரி


ஜூலை 11

ஸ்டோர் அம்மாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா? இதை முறைக்காகக் கேட்கவில்லை.

கை பற்றிக் கேட்டிருந்தீர்கள். தீக்காயம் ஆறிவிட்டது. இரண்டு விரல் மடங்காது, அது முடிந்த கதை. மற்ற விரல்களில் உணர்ச்சி கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார் டாக்டர். ராத்திரி தூக்கத்தில் கை இரண்டும் இன்னும் டிரில்லைப் பிடித்திருக்கிற மாதிரி உதறுகிறது. நான் பிடித்துக்கொண்டு படுக்கிறேன். பகலில் கடையில் நின்று, இரவில் இதைப் பிடித்து, என் கால் கதையைக் கேட்காதீர்கள்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். தொழிலாளர் ஆபீஸில் நஷ்டஈடு கேட்டு எழுதிக் கொடுத்தோம். விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் பழைய பாட்டையே பாடுகிறார்கள்: கை நன்றாகத்தான் இருந்தது, ஸ்டவ்வில் சுட்டுக்கொண்டதால்தான் போயிற்று. தீக்காயத்துக்கு முன்னாலேயே விரல் செத்திருந்தது என்று நாங்கள் காட்ட வேண்டும். எப்படிக் காட்டுவது? சுட்டுக்கொள்கிற வரைக்கும் கம்பெனி டாக்டரிடம் அவர் போகவே இல்லை. வெல்டரைக் கேட்டேன். "எனக்கு இன்னும் அங்கதான வேலைம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நானோ, நேரில் பார்க்கவில்லை. பார்த்த கடிதங்களையும் தப்பாகப் படித்தவள்.

அந்தக் கைகளைத் தீக்காயத்துக்கு முன்னால் பக்கத்தில் இருந்து பார்த்த ஆள் நீங்கள் ஒருத்திதான்.

இதை எழுதும்போதும் எனக்கு எரிகிறது. அவர் கை வெளுத்தது முதலில் என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். என்னிடம் மறைத்ததை உங்களிடம் காட்டியிருக்கிறாரே என்று நினைத்தால் அவரைக் கட்டிலிலிருந்து தள்ளிவிடலாமா என்று வருகிறது. "வேற யாருகிட்ட காட்டறது? டிரில் குடுக்கறது அவங்கதான" என்கிறார். அது சரியான பதில்தான். சரியான பதில் எனக்கு ஆறுதலாக இல்லை.

நீங்கள் வந்து எல்லாரும் கேட்கச் சொல்ல வேண்டும். தினமும் லேஸ் கட்டி விட்டது, உறையைப் பிரித்தது, டம்ளரைப் பிடித்தது, விரலைத் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டது. நான் எதையெல்லாம் கேட்கவே கூடாது என்று நினைத்தேனோ, அத்தனையும். கூச்சப்பட்டு எதையும் விட்டுவிடாதீர்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். என் முகத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள்.

வந்து சொன்னால் உங்கள் வேலைக்கு ஆபத்து என்று தெரியும். வாருங்கள் என்று கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தப் புது ஆளின் விரலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. வந்தால் லாட்ஜில் தங்க வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு அறைதான், மகளோடு படுத்துக்கொள்ளலாம். நான் சமைப்பேன், நீங்கள் பேசாமல் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவருக்கு என்ன தேவை என்றாலும் என்னைக் கூப்பிட வேண்டும்.

இவ்வளவையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். "நான் சொன்னேன்னு ஒரு வரி சேத்துக்க" என்று உங்களுக்கு ஒரு வரி சொன்னார். அவருக்கு நேரில் பேச வராது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நல்ல வரிதான். மூன்று தடவை பேனாவை வைத்தேன், எழுத வரவில்லை. நீங்கள் எனக்காக ஒரு வார்த்தை குறைக்காமல் எழுதியவர். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. நேரில் வந்து அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான் பக்கத்தில் நிற்பேன்.

இப்படிக்கு,
கடுகு